இமாம் ஷாமில்: கான்களுக்குப் பின் அவார் நாடு

ஷாமில் 1797இல் கிம்ரி என்ற அவார் மலைக்கிராமத்தில் பிறந்தார். தாகெஸ்தானில் அவார் கொய்சு ஆற்றின் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறைகளின் அடியில் அமைந்த ஊர் அது. ஆப்ரிகாட் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. தானியம் விளைவிக்கப் போதிய நிலம் இல்லாதது. தந்தை தெங்காவ் முஹம்மது அரச குலத்தவர் அல்லர். எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத, உஸ்தென்கள் எனப்பட்ட சுதந்திரக் குடியானவர்களில் ஒருவர். குழந்தைக்கு முதலில் அலி என்று பெயரிட்டார்கள். ஓயாமல் நோய்வாய்ப்பட்டதால், பெயரை மாற்றினால் பிணி விலகும் என்ற ஊர் நம்பிக்கைப்படி ஷாமில் என்று மாற்றினார்கள். மெலிந்த சிறுவன் பின்னர் கிராமத்திலேயே உயரமானவனாகவும், தாவுவதிலும் வாள் வீசுவதிலும் நிகரற்றவனாகவும் வளர்ந்தான். தந்தையின் குடிப்பழக்கம் பொறுக்காமல், இன்னொரு முறை குடித்தால் என்னை நானே குத்திக்கொள்வேன் என்று மிரட்டி அவரைத் திருத்தியதாக ஒரு செய்தி உண்டு. அது உண்மையானால், பிற்காலத்தில் ஒரு நாட்டையே ஆண்ட பிடிவாதம் இளமையிலேயே வேர்விட்டிருந்தது என்று கொள்ளலாம்.

அவார்கள் காகசஸ் மலைத்தொடரின் வடகிழக்கில் வாழும் மக்கள். ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசை அச்சுறுத்திய புல்வெளி அவார்களோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களுடைய மொழி வடகிழக்குக் காகசஸ் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சமயம் சுன்னி இஸ்லாம். எழுத்தும் கல்வியும் அரபி வழியே வந்தவை. அவார் நாடு முழுவதும் ஓர் அரசரின் கீழ் இருந்ததில்லை. குன்சாக் மேட்டுநிலத்திலிருந்து கான்கள் ஒரு பகுதியை ஆண்டார்கள். மற்ற பகுதிகளில் ஊர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, மூத்தோர் அவையாலும் வழக்காற்றுச் சட்டமான அதத்தாலும் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டன. கிம்ரி அத்தகைய ஒரு கூட்டமைப்பைச் சேர்ந்த ஊர். ஆகவே ஷாமில் கானின் குடிமகனாகக்கூடப் பிறக்கவில்லை. ஆனால் கான்களின் அரியணை காலியான பிறகு, அவர்கள் ஒருபோதும் ஆண்டிராத அளவு பரந்த நாட்டை ஆண்டவர் அவர்தான். இது எப்படி நேர்ந்தது என்பதற்கான விடை, வடக்கிலிருந்து வந்த பேரரசின் நடத்தையில் பாதி இருக்கிறது.

உம்மா கான், ஜார்ஜிய மன்னரிடமே கப்பம் வாங்கிய கடைசி அவார் கான். 1800இல் இயோரி ஆற்றங்கரையில் ரஷ்ய, ஜார்ஜியப் படைகளிடம் தோற்று, 1801இல் இறந்தார். அதே 1801இல் ரஷ்யா ஜார்ஜியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1813இன் குலிஸ்தான் உடன்படிக்கையில் ஈரான் தாகெஸ்தான் மீதான உரிமையையும் ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தது. மலைவாசிகளை யாரும் கேட்கவில்லை. ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே அவர்களுடைய மலைகள் கிடந்தன. அந்த வழியைப் பாதுகாப்பதே பேரரசின் முதல் கவலையாக இருந்தது. 1816இல் படைத்தலைவராக வந்த அலெக்ஸி யெர்மோலோவ் மலையடிவாரம் நெடுகக் கோட்டைகளை எழுப்பினார். 1818இல் அவர் கட்டிய குரோஸ்னி கோட்டை இன்று செச்சென்யாவின் தலைநகரம். பணியாத ஊர்களை எரித்தார், பிணைக்கைதிகளைப் பிடித்தார், பணிந்த கான்களுக்குப் பட்டமும் ஊதியமும் கொடுத்தார்.

இந்தக் கடைசி உபாயமே பேரரசுக்குப் பெரிய கேட்டைத் தேடித் தந்தது. ஜாரின் ஊதியத்தில் வாழும் கானுக்குத் தன் மக்களின் ஆதரவு தேவைப்படவில்லை. வரி கூடியது, அத்துமீறல் கூடியது, முறையிட இடமில்லாமல் போயிற்று. கான்களின் நியாயத்திலிருந்து மனம் விலகிய குடியானவர்களுக்கு வேறொரு நியாயம் காத்திருந்தது. நக்ஷபந்தி என்ற சூஃபி தரீக்காவின் காலிதிக் கிளை 1820களில் தாகெஸ்தானில் பரவியது. யாரக் ஊரின் முஹம்மது என்ற ஷெய்கு, அதத்தைக் கைவிட்டு ஷரியத்துக்குத் திரும்புங்கள் என்று போதித்தார். அந்நியருக்கு அடிமைப்பட்டு வாழ்பவரின் வணக்கம் முழுமையாகாது என்றும் சொன்னார். அவருடைய முரீதுகளில் (சீடர்களில்) ஒருவர், காஸி குமுக்கைச் சேர்ந்த ஷெய்கு ஜமாலுத்தீன். ஷாமிலும் அவருடைய பிள்ளைப்பிராயத் தோழர் கிம்ரியின் காஸி முஹம்மதும் ஜமாலுத்தீனிடம் பாடம் கேட்டார்கள். ஆசிரியர் தொடக்கத்தில் ஆயுதப் போரை விரும்பவில்லை. மாணவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

1830இல் காஸி முஹம்மது முதல் இமாமாகக் குன்சாக் மீது படையெடுத்தார். அங்கே அப்போது கானின் விதவையான பாகு பிகே, சிறுவயது மகன்களின் பெயரில் ஆண்டுகொண்டிருந்தார். அந்த அரசி நேரில் நின்று தன் ஆட்களுக்குத் துணிவூட்டினார், தாக்குதல் முறிந்தது. காஸி முஹம்மது பின்வாங்கிச் சமவெளிக் கோட்டைகளைத் தாக்கினார், தெர்பெந்தை முற்றுகையிட்டார், கிஸ்லியார் நகரைக் கொள்ளையிட்டார். 1832 அக்டோபரில் பாரன் ரோஸனின் படை கிம்ரிக்கே வந்து சேர்ந்தது. ஊர் விழுந்தது. கடைசியாக ஒரு கல்வீட்டில் ஒதுங்கிய சிறு கூட்டத்தில் காஸி முஹம்மது கொல்லப்பட்டார். ஷாமில் வாசலில் நின்ற சிப்பாய்களின் தலைக்கு மேல் தாவிக் குதித்தார். மார்பில் ஒரு துப்பாக்கி ஈட்டி பாய்ந்தது. விலா எலும்பு முறிந்தது. ஈட்டியைத் தானே பிடுங்கிக்கொண்டு, வழிமறித்தவர்களை வெட்டிவிட்டு இருளில் மறைந்தார். உன்ட்ஸுகுல் ஊரில் மாமனார் அப்துல் அஸீஸ், பெயர்பெற்ற மலைநாட்டு வைத்தியர், மாதக்கணக்கில் பார்த்து அவரைப் பிழைக்கவைத்தார்.

இரண்டாம் இமாம் ஹம்ஸத் பெக் 1834இல், காஸி முஹம்மதால் முடியாததைச் செய்தார். குன்சாக்கை வளைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தைக்கு வந்த கானின் மகன்களைத் தன் பாசறையில் கொன்றார்; பின்னர் பாகு பிகேயையும் கொல்லச் செய்தார். அவார் நாட்டின் மிகப் பழைய ஆளும் குடும்பம் அத்தோடு ஏறக்குறைய அறுந்தது. பழிக்குப் பழி வர நாளாகவில்லை. கொலையுண்ட இளவரசர்களின் வளர்ப்புச் சகோதரர்களான உஸ்மான், ஹாஜி முராத் இருவரும் குன்சாக் பள்ளிவாசலிலேயே ஹம்ஸத் பெக்கைச் சுட்டுக் கொன்றார்கள். உஸ்மான் அங்கேயே மாண்டார். ஹாஜி முராத் தப்பினார்.

அந்த ஆண்டிலேயே அசில்தாவில் கூடிய உலமாக்களும் மூத்தோரும் ஷாமிலை மூன்றாம் இமாமாகத் தேர்ந்தெடுத்தனர். அவருக்கு வயது 37. அவருடைய முதல் செயல்களில் ஒன்று அவர் வரலாற்றில் நீங்காத கறை. கானின் குடும்பத்தில் எஞ்சியிருந்த புலாச் என்ற சிறுவன் ஹம்ஸத்தின் ஆட்களிடம் பிணையாக இருந்தான். ஷாமிலின் ஆணையால் அவன் கொல்லப்பட்டான். இமாமைப் போற்றி எழுதுவோர் இதைக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் கடக்கக் கூடாது: கான்களின் வம்சம் எந்தக் கிளையிலும் மீண்டும் துளிர்க்கக் கூடாது என்று தெரிந்தே செய்த காரியம் அது.

முதல் ஐந்து ஆண்டுகள் சோதனைக் காலம். ரஷ்யர்கள் 1837இல் குன்சாக்கில் கோட்டை கட்டினார்கள், அசில்தாவை எரித்தார்கள், தீலிக் ஊரில் ஷாமிலைச் சூழ்ந்தார்கள். இரு தரப்பும் களைத்து ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. அதே ஆண்டு ஜார் முதலாம் நிக்கலஸ் காகசஸுக்கு வருவதாக இருந்தது. ஷாமில் திஃப்லிஸுக்கு வந்து ஜாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற செய்தியோடு தளபதி க்ளுகே வந்தார். கிம்ரிக்கு அருகே ஓர் ஊற்றங்கரையில் இருவரும் கம்பளி விரித்து உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். விடைபெறும்போது க்ளுகே கை நீட்ட, காஃபிரின் கையைத் தொடலாகாது என்று ஒரு முரீது குறுக்கே பாய்ந்தார். நொண்டியான க்ளுகே சினத்தில் ஊன்றுகோலை ஓங்கினார். அந்தக் கணத்தில் ஒரு கத்தி உறையை விட்டு வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஷாமில் ஒரு கையால் ஊன்றுகோலையும் மறு கையால் தன் ஆளையும் தடுத்தார். திஃப்லிஸுக்கு வர முடியாது என்ற பதில் பின்னர் கடிதமாகப் போயிற்று.

1839 கோடையில் தளபதி பாவெல் கிராப்பே அகுல்கோவை முற்றுகையிட்டார். அந்தி கொய்சு ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, நடுவே ஓர் ஓடையால் பிளவுண்ட இரு பாறைகள். பழைய அகுல்கோ, புதிய அகுல்கோ என்று பெயர். நிலத்துக்கடியில் குடைந்த அறைகளிலும் பதுங்குகுழிகளிலும் பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுமார் 4,000 பேர் இருந்தார்கள். ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் அதில் நான்கில் ஒரு பங்கு. முன்னே காவலாக நின்ற சுர்காய் கோபுரம் பீரங்கிகளால் தூளாகும் வரை தாக்குப்பிடித்தது. ஜூலையில் நடந்த நேரடித் தாக்குதல் பெரும் சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. அதன்பின் வெயிலும் தாகமும் அழுகும் பிணங்களின் நாற்றமும் முற்றுகைக்காரரின் வேலையைச் செய்தன.

ஆகஸ்டில் ஷாமில் பேச முன்வந்தார். பேச்சைத் தொடங்க வேண்டுமானால் மூத்த மகன் ஜமாலுத்தீன் பிணையாக வர வேண்டும் என்றார் கிராப்பே. சிறுவன் பாறையிலிருந்து இறக்கி அனுப்பப்பட்டான். மகனை வாங்கிக்கொண்ட பிறகு கிராப்பே நிபந்தனைகளைக் கடுமையாக்கினார்: ஷாமில் சரணடைந்து, அரசு குறிக்கும் இடத்தில் காவலில் வாழ வேண்டும். ஷாமில் மறுத்தார், மகன் திரும்பவில்லை. கடைசித் தாக்குதலில் குகைக்குக் குகை சண்டை நடந்தது. ஷாமிலின் சகோதரி பாத்திமத் பிடிபடாமல் ஆற்றில் பாய்ந்தார். மனைவி ஜவ்ஹரத்தும் கைக்குழந்தை சயீதும் மாண்டார்கள். சுமார் 80 நாள் முற்றுகையில் ரஷ்யப் படைக்குக் கொலையும் காயமுமாக ஏறக்குறைய 3,000 பேர் சேதம். அகுல்கோவை வென்றதற்கென வெள்ளிப் பதக்கமே வார்க்கப்பட்டது. ஆனால் பாறையில் ஷாமிலின் உடல் கிடைக்கவில்லை. எஞ்சிய குடும்பத்தாரோடும் விரல்விட்டு எண்ணக்கூடிய தோழர்களோடும் பாறைச்சரிவில் இறங்கி, காவல் வளையத்தைக் கடந்து செச்சென்யாவுக்குப் போய்விட்டார்.

அங்கே அவரைத் தூக்கி நிறுத்தியது ரஷ்ய நிர்வாகமே. செச்சென்களின் ஆயுதங்களைப் பறிக்கப்போகிறார்கள், அவர்களைப் பண்ணையடிமைகளாக்கப் போகிறார்கள் என்ற அச்சம் 1840 தொடக்கத்தில் ஊர் ஊராகக் கலகமாக வெடித்தது. கலகக்காரர்களுக்குத் தலைவர் தேவைப்பட்டார். அகுல்கோவிலிருந்து உயிரோடு வந்தவர் அருகிலேயே இருந்தார். 1840 கோடையில் வலெரிக் ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் பங்கேற்ற கவிஞர் லெர்மன்தவ், அந்தக் கொடுமையைத் தன் கவிதையிலேயே பதிந்துவைத்தார். அவார் நாட்டிலும் காற்று மாறியது. ரஷ்யர்களோடு இருந்த ஹாஜி முராத், எதிரி ஒருவரின் கோள்மூட்டலால் கைதுசெய்யப்பட்டு, கொண்டுசெல்லும் வழியில் பாறையிலிருந்து குதித்துத் தப்பினார். தன் வளர்ப்புச் சகோதரர்களைக் கொன்ற கட்சியோடு அவர் சேர்ந்தது, ரஷ்ய அதிகாரிகளின் அநீதி எவ்வளவு தூரம் ஒருவரைத் தள்ளும் என்பதற்குச் சாட்சி. ஷாமில் அவரை நாயிபாக, அதாவது தன் பிரதிநிதியாக, ஆக்கினார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் பேரரசு காகசஸில் கண்டிராத தோல்விகளைக் கண்டது. 1842இல் கிராப்பே சுமார் 10,000 பேரோடு ஷாமிலின் தலைநகரான தார்கோவைப் பிடிக்க இச்கேரியக் காட்டுக்குள் நுழைந்தார். ஷாமில் அப்போது வேறு முனையில் இருந்தார்; செச்சென் நாயிபுகளே மரத்துக்கு மரம் ஒளிந்து சுட்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ரஷ்யச் சேதம் 1,700க்கு மேல். 1843இன் கடைசி மாதங்களில் ஷாமில் உன்ட்ஸுகுல் தொடங்கி அவார் நாட்டிலிருந்த ரஷ்யக் கோட்டைகளை ஒவ்வொன்றாக வீழ்த்தினார். குன்சாக் கைவிடப்பட்டது. ஏறக்குறைய 4 மாதங்களில் ரஷ்யா இழந்தது 12 கோட்டைகளும் 2,500க்கு மேற்பட்ட வீரர்களும் 27 பீரங்கிகளும். கிம்ரியின் குடியானவர் மகன் இப்போது கான்களின் தலைநகருக்கும் அதிபதி.

1845இல் புதிய ராஜப்பிரதிநிதி கோமகன் மிகயில் வொரொன்ட்ஸோவ், ஜாரின் வற்புறுத்தலால் பெரும்படையோடு தார்கோவுக்குக் கிளம்பினார். மலைவாசிகள் எதிர்க்காமல் விலகினார்கள். ஷாமில் தன் தலைநகருக்குத் தானே தீவைத்துவிட்டுப் போனார். சாம்பலைக் கைப்பற்றிய படைக்கு உணவு தீர்ந்தது. ரொட்டி மூட்டைகளைக் கொண்டுவரப் போன பிரிவு காட்டில் போகும்போதும் வரும்போதும் சல்லடையாகத் துளைக்கப்பட்டது. வரலாற்றில் அது ரொட்டிப் படையெடுப்பு என்றே பெயர் பெற்றது. பின்வாங்கும் வழியில் படை முற்றிலும் அழியாமல் தப்பியது, தளபதி ஃப்ரெய்டாக் சரியான நேரத்தில் உதவிக்கு வந்ததால்தான். மொத்தச் சேதம் சுமார் 4,000. இறந்தோரில் 3 தளபதிகள்.

வெற்றிகளைவிட வியப்பானது, அந்த ஆண்டுகளில் ஷாமில் கட்டிய ஆட்சி. 30க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படும் மலைகளில், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் தலைமுறைப் பகை நிலவிய நாட்டில், எழுத்தில் அமைந்த ஆணைகளால் நடக்கும் அரசை அவர் உருவாக்கினார். நாடு நாயிப்புரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு நாயிபும் படைத்தலைவர், வரி வசூலிப்பவர், ஒழுங்கு காப்பவர். நீதி வழங்குவதற்கு அவருக்குப் பக்கத்தில் காதியும் முஃப்தியும். தார்கோவிலும் 1845க்குப் பின் தலைநகரான வெதேனோவிலும் இமாமின் அவை கூடியது. பத்து வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் நிரந்தர வீரர்கள் எடுக்கப்பட்டார்கள். அந்த வீரரின் நிலத்தை மற்ற ஒன்பது வீட்டார் உழுது கொடுத்தார்கள். ஜகாத்தும், போர்க்கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கும் பொதுக் கருவூலத்துக்கு வந்தன. வெதேனோவில் உன்ட்ஸுகுலைச் சேர்ந்த ஜப்ராயில் என்ற கைவினைஞர் பீரங்கி வார்த்தார். ரஷ்யப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய்களும் போலந்துக்காரர்களும் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். இமாமின் ஆணைகளும் கடிதங்களும் அரபியில் எழுதப்பட்டன. அவருடைய எழுத்தர்களில் ஒருவரான கராக் நாட்டு முஹம்மது தாஹிர், இமாம் சொல்லக் கேட்டும் நேரில் கண்டும் இந்தப் போர்களின் வரலாற்றை அரபியில் எழுதிவைத்தார். வென்றவரின் ஆவணங்களிலிருந்து மட்டுமே இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய நிலை நமக்கு இல்லாமற்போனது அவர் புண்ணியம்.

இந்த ஆட்சிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஜார், மற்றொன்று மலைநாட்டின் பழைய வழக்கம். அதத்தின்படி ஒரு கொலைக்குக் குலமே பொறுப்பு, பழி தலைமுறைகளுக்கும் தொடரும். ஷாமிலின் ஷரியத்தில் கொலைகாரன் மட்டுமே பொறுப்பு. கான்களுக்கும் பிரபுக்களுக்கும் கட்டுண்டிருந்த குடிகள் பலர் விடுவிக்கப்பட்டனர். மதுவும் புகையிலையும் ஆட்டபாட்டமும் தடைசெய்யப்பட்டன. பணிய மறுத்த ஊர்கள் எரிந்தன. சந்தேகத்துக்குரியவர்கள் குழிச்சிறையில் தள்ளப்பட்டார்கள். மூத்தோர் பலரின் தலை விழுந்தது. ரஷ்யரோடு சமாதானம் பேச அனுமதி கேட்ட செச்சென்களுக்காகத் தன் தாய் பரிந்து பேசியபோது, அவருக்கு 100 கசையடி என்று தீர்ப்பளித்து, 5 அடியில் அவர் மயங்கியதும் மீதி 95ஐத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார் என்ற கதை மலைநாடெங்கும் சொல்லப்பட்டது. கதையின் உண்மை எப்படியாயினும், அந்த ஆட்சியின் கடுமையை மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. அஞ்சவும் செய்தார்கள், அவர் தனக்கு விலக்கு அளித்துக்கொள்ளவில்லை என்று நம்பவும் செய்தார்கள்.

1846இல் மேற்கே கபர்தாவை எழுப்பி, கருங்கடல் ஓரத்துச் செர்க்கேசியர்களோடு கைகோக்க ஷாமில் எடுத்த முயற்சி தோற்றது; கபர்தா எழவில்லை. அன்றிலிருந்து அவருடைய நாட்டின் எல்லை விரியவேயில்லை. தார்கோவில் பாடம் கற்ற வொரொன்ட்ஸோவ் அவசரத்தைக் கைவிட்டுக் காடுகளை வெட்டவும் பாதை போடவும் தொடங்கினார். 1847இல் சால்தி முற்றுகையில் அறுவை மருத்துவர் நிக்கலாய் பிரகோவ், காயம்பட்டவர்களுக்கு ஈதர் மயக்கமருந்து கொடுத்துப் போர்க்களத்திலேயே அறுவைசெய்தார். மருத்துவ வரலாற்றில் அது புதுமை. எதிர்ப்பக்கத்தில் வெட்டுண்ட கிராமத்துக்கு அத்தகைய வசதி எதுவும் இல்லை.

அரசு நிலைத்ததும் வாரிசுக் கேள்வி எழுந்தது. ஷாமில் தன் மகன் காஸி முஹம்மதை வாரிசாக அறிவிக்கச் செய்தார். தேர்தலால் வந்த இமாம் பதவி குடும்பச் சொத்தாவதை நாயிபுகள் பலர் ரசிக்கவில்லை. கான்களை ஒழித்துவிட்டு இன்னொரு கான் வம்சத்தை ஏன் தாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. மிகத் திறமையான நாயிபான ஹாஜி முராத் 1851இல் முறித்துக்கொண்டு வொரொன்ட்ஸோவிடம் போனார். ஷாமிலின் பிடியிலிருந்த தன் குடும்பத்தை மீட்க ரஷ்யர் உதவாததால், 1852 வசந்தத்தில் அங்கிருந்தும் தப்பியோட முயன்று நூகா அருகே சண்டையிட்டு மாண்டார். அந்த ஆண்டுகளில் காகசஸ் படையில் இருந்த இளம் லியோ டால்ஸ்டாய், முதுமையில் எழுதிய ‘ஹாஜி முராத்’ நாவலில் அவரை அழியாமல் வைத்தார். ஜாரையும் இமாமையும் ஒரே எடையில் நிறுத்துப் பார்த்த நூல் அது.

கிரிமியப் போர் ஷாமிலுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. துருக்கியோ பிரிட்டனோ பிரான்ஸோ அவரோடு உருப்படியாகச் சேர்ந்து செயல்படவில்லை. 1854 கோடையில் காஸி முஹம்மதின் குதிரைப்படை ஜார்ஜியாவின் ககேத்தி சமவெளியில் இறங்கி, சினந்தாலி மாளிகையிலிருந்து சாவ்சாவாஜே, ஓர்பெலியானி குடும்பத்து இளவரசிகளைக் குழந்தைகளோடும் ஒரு பிரெஞ்சு ஆசிரியையோடும் தூக்கி வந்தது. இளவரசிகள் ஜார்ஜியாவின் கடைசி மன்னரின் பேத்திகள். ஷாமில் கேட்ட விலை பணத்துக்கு மேலானது: 1839இல் கொடுத்த மகன்.

அந்த மகன் இதற்குள் ரஷ்யனாகியிருந்தான். ஜாரின் நேரடிப் பார்வையில் பீட்டர்ஸ்பர்க் இராணுவப் பள்ளியில் வளர்ந்து, உஹ்லான் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தான். தாய்மொழியே மறந்துபோயிருந்தது. திரும்பிப் போவது உன் விருப்பம் என்று ஜார் விட்டுவிட, இளவரசிகளுக்காகப் போக ஒப்புக்கொண்டான். 1855 மார்ச்சில் மிசிக் ஆற்றங்கரையில், 40,000 வெள்ளி ரூபிளோடு மாற்று நடந்தது. ரஷ்யச் சீருடையைக் கழற்றி மலைநாட்டு உடை உடுத்திய பிறகே தந்தையின் முன் கொண்டுபோனார்கள். ஷாமில் எல்லார் முன்னிலையிலும் அழுதார். 16 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மகன், தந்தையிடம் ரஷ்யாவின் பெருக்கத்தையும் சமாதானத்தின் தேவையையும் பேசினான். அவனுக்கு நெஞ்சுநோய் கண்டது. ஷாமில் எதிரியிடமே மருத்துவர் கேட்டார், ரஷ்ய மருத்துவர் ஒருவர் மலையேறி வந்து பார்த்தார், பயனில்லை. 1858இல் ஜமாலுத்தீன் இறந்தான். பேரரசு தன் பிள்ளையாக்கி வளர்த்ததும், தந்தை தன் பிள்ளையாகவே மீட்டதும் அவனுக்கு வாழ ஓரிடத்தைத் தரவில்லை.

கிரிமியப் போர் முடிந்ததும் ரஷ்யாவின் முழுப் பலமும் காகசஸை நோக்கித் திரும்பியது. 1856இல் ராஜப்பிரதிநிதியான இளவரசர் அலெக்சாந்தர் பரியாத்தின்ஸ்கியின் கீழ் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட படையும், கோடு வெட்டிய குழலுள்ள புதிய துப்பாக்கிகளும் இருந்தன. தளபதி யெவ்தகீமவ் செச்சென்யாவின் காடுகளைக் கோடரியால் திறந்து, மக்களைச் சமவெளிக்கு நகர்த்திக்கொண்டே முன்னேறினார். பரியாத்தின்ஸ்கியின் பணப்பெட்டியும் திறந்திருந்தது; வந்து பணிந்த நாயிபுகளுக்குப் பதவியும் ஊதியமும் உறுதி. 30 ஆண்டுப் போரில் ஆண்களை இழந்த ஊர்கள் களைத்துவிட்டன. 1859 ஏப்ரலில் வெதேனோ விழுந்தது. கோடையில் கிபித் முஹம்மது, தானியால் சுல்தான் போன்ற மூத்த நாயிபுகளே கோட்டைகளைத் திறந்துவிட்டார்கள். அவார் நாட்டின் ஊடே பின்வாங்கிய இமாமின் பொதிமூட்டைகளை வழியிலேயே அவருடைய குடிகள் கொள்ளையிட்டார்கள்.

கடைசி இடம் குனிப் பீடபூமி. சுமார் 400 பேரும் 4 பீரங்கிகளும் மிஞ்சின. ஆகஸ்டின் இறுதியில், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 25ஆம் நாள், அப்ஷெரான் படைப்பிரிவினர் காவலில்லாத செங்குத்துச் சரிவில் கயிறும் ஏணியும் கொண்டு ஏறிவிட்டனர். ஊருக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இறுதி வரை போரிட்டுச் சாவதா என்ற கேள்விக்கு மகன்களே வேண்டாம் என்றார்கள். ஒரு பிர்ச் மரத்தோப்பில், கல்மேல் உட்கார்ந்திருந்த பரியாத்தின்ஸ்கியின் முன்னே 62 வயது ஷாமில் வந்து நின்றார்.

அவார் நாட்டைப் பேரரசு எடுத்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1859இல் பரியாத்தின்ஸ்கி கான் ஆட்சியை மீட்டு, மெஹ்துலி கான் குடும்பத்தின் இப்ராஹிமைக் குன்சாக்கில் அமர்த்தினார். ஐந்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. 1864இல் கான் பதவியே ஒழிக்கப்பட்டது. மக்கள் கான்களை மறந்திருந்தார்கள். மாறாக ஷாமிலின் நாயிப்புரங்கள் புதிய தாகெஸ்தான் மாகாணத்தின் நிர்வாகப் பிரிவுகளாகவே தொடர்ந்தன. பழைய நாயிபுகள் சிலர் ரஷ்யத் தோள்பட்டைச் சின்னங்களோடு அதே மக்களை ஆண்டார்கள். குலங்களையும் ஊர்களையும் ஒரே ஆணைக்குக் கீழ்ப்படியப் பழக்கிய கடினமான வேலையை இமாம் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார்.

ஷாமில் எதிர்பார்த்தது மரண தண்டனை. கிடைத்தது விருந்தினர் மரியாதை. சுகுயெவ் நகரில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அவரைத் தழுவிக்கொண்டார். மாஸ்கோவில், தன் இளமையில் ஊர்களை எரித்த கிழ யெர்மோலோவை அவர் போய்ச் சந்தித்தார். கலூகா நகரில் வீடும் ஓய்வூதியமும் தரப்பட்டன. மனைவியரில் ஸைதத் அவருடைய ஷெய்கு ஜமாலுத்தீனின் மகள். மற்றவரான ஷுவானத், மஸ்தோக் நகரின் ஆர்மேனிய வணிகக் குடும்பத்திலிருந்து சிறைபிடிக்கப்பட்டு, மீட்க வந்தவர்களோடு போக மறுத்து இமாமோடு வாழ்ந்தவர். பொறுப்பதிகாரி ருனோவ்ஸ்கி எழுதிய நாட்குறிப்பு, குழந்தைகளோடு விளையாடும், யாசகர்களுக்குக் கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிடும் ஒரு முதியவரைக் காட்டுகிறது. கலூகாவின் ஈரமும் குளிரும் மலைக் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை; மருமகள் கரீமத்தும் மகள் நஃபீசத்தும் அங்கே இறந்தார்கள். 1860இல் டமாஸ்கஸ் கலவரத்தில் கிறிஸ்தவர்களைக் காப்பாற்றிய அல்ஜீரியாவின் அப்துல் காதிருக்கு ஷாமில் பாராட்டுக் கடிதம் எழுதியது கலூகாவிலிருந்துதான். 1866இல் ஜாருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தார். 1868இல் மிதமான தட்பவெப்பம் கருதிக் கீவுக்கு மாற்றப்பட்டார்.

ஹஜ் செல்ல அவர் பலமுறை கேட்ட அனுமதி 1869இல் கிடைத்தது. இஸ்தான்புல்லில் சுல்தான் அப்துல் அஸீஸ் வரவேற்றார். தெருக்களில் அவரைக் காணக் கூட்டம் திரண்டது. மக்காவில் கடமையை முடித்து மதீனாவுக்குப் போனவர், 1871 பிப்ரவரியில் அங்கே இறந்து ஜன்னத்துல் பகீயில் அடக்கம்செய்யப்பட்டார்.

மகன்கள் இரு பக்கம் பிரிந்தார்கள். முஹம்மது ஷஃபி ரஷ்யப் படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். தந்தையின் இறுதிக்காலத்தில்தான் ரஷ்யாவை விட்டுப் போக அனுமதிக்கப்பட்ட காஸி முஹம்மது, 1877–78 ரஷ்ய-துருக்கிப் போரில் ஒட்டோமன் தரப்பில் காகசஸ் குடியேறிகளின் படைக்குத் தலைமை ஏற்றார். அதே 1877இல் தாகெஸ்தானும் செச்சென்யாவும் மீண்டும் கிளர்ந்தெழுந்தன. சில மாதங்களில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் ரஷ்யாவின் உள்மாகாணங்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.